மயில்துத்தம் பாசிக்கு உணவா, நஞ்சா?

கேள்வி இது: "பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். குறுவை நட்ட சில நாளில் வயலில் பாசி படர்ந்துவிட்டால், அப்பா மயில்துத்தத்தைச் சாக்குத்துணியில் முடிந்து வாய்மடையில் போட்டுவிடுவார். இரண்டு மூன்று நாளில் பாசி வெளுத்துவிடும். மயில்துத்தம் செம்பு உப்புதானே? ஆனால் கல்லூரியில் படிக்கும் தங்கை, பாசி உயிர் வாழவே செம்பு வேண்டும் என்கிறாள். வேளாண்மை ஆபீசரோ அதே வயலில் நீலப்பச்சைப்பாசி போடச் சொல்கிறார். ஒரே உலோகம் எப்படி உணவாகவும் நஞ்சாகவும் இருக்கும்? இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் பாசிக்குள் எப்படிப் போகின்றன? எவ்வளவு போதும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?"

அப்பா சொல்வதும் சரி, தங்கை சொல்வதும் சரி. இதற்கு வழக்கமாக வரும் பதில் "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது. தவறில்லை, ஆனால் பாதிப் பதில். நான் பல வருடம் பாசி வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். கண்ணாடிக் குடுவையில் பாசி வளர்க்கும் கரைசலில் எப்போதும் செம்பு சேர்ப்போம், லிட்டருக்குச் சுமார் 0.4 மில்லிகிராம். பாசி கொழுகொழுவென்று வளரும். அதே அளவு செம்பை மயில்துத்தமாக வெறும் தண்ணீரில் கரைத்து அதே பாசியை விட்டால் திணறிப்போகும். கரைசலில் ஈடிடிஏ என்று ஒரு பொருள் இருக்கிறது. அது செம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு துளித்துளியாகத்தான் விடும். அளவு ஒன்றுதான். ஒன்றில் மாடு கட்டுத்தறியில் நிற்கிறது, இன்னொன்றில் அவிழ்த்துவிட்டாயிற்று.

செல்லுக்குள்ளும் இதே கதைதான். ஆரோக்கியமான பாசி செல்லில் இந்த உலோகங்கள் தனியாக அலைவது அபூர்வம். வாசலில் ஒருவர் வாங்கி, அடுத்தவர் கையில் கொடுத்து, அவர் உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பார். மிஞ்சினால் பூட்டி வைப்பார்கள். குறைந்தால் முறை வைப்பார்கள். மயில்துத்தம் கொல்வது இந்தக் கைமாற்று ஒழுங்கை உடைப்பதால்தான்.

முதலில் பாசிக்கு உலோகம் எதற்கு என்று பார்த்துவிடலாம். பாடப்புத்தகத்தில் ஒளிச்சேர்க்கை என்றால் சூரியன், தண்ணீர், கரியமில வாயு என்று மூன்று படம் போட்டு முடித்துவிடுவார்கள். உலோகத்தைச் சொல்லாமல் ஒளிச்சேர்க்கையைச் சொல்வது, மாட்டையும் கலப்பையையும் விட்டுவிட்டு அந்தக் காலத்து உழவைச் சொல்வது மாதிரி. தண்ணீரை உடைத்து ஆக்சிஜனை வெளியே விடும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே கிளம்பும் எலக்ட்ரான், இரும்பு வைத்த புரதங்கள் வழியாக வந்து பிளாஸ்டோசயனின் என்ற சிறிய புரதத்தில் ஏறுகிறது. இந்தப் புரதத்துக்குள் ஒரே ஒரு செம்பு அணு. அது எலக்ட்ரானைச் சுமந்துபோய் ஒளித்தொகுதி-1 என்ற புரதக் கூட்டத்திடம் இறக்குகிறது. அந்தத் தொகுதிக்கு மட்டும் 12 இரும்பு அணுக்கள் வேண்டும். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம். கரியமில வாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதிக்குத் துத்தநாகம். நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வைத்திருக்கும் நைட்ரஜனேஸ் நொதியின் மையத்தில் ஏழு இரும்பும் ஒரு மாலிப்டினமும். நெல்வயலில் இந்த வேலை நடப்பதை 1939இலேயே வங்காளத்து வயல்களை ஆராய்ந்து பி.கே. டே எழுதியிருக்கிறார். உங்கள் ஆபீசர் ஏக்கருக்கு நான்கு கிலோ நீலப்பச்சைப்பாசி போடச் சொல்வது அந்த வழியில் வந்த பரிந்துரைதான்.

சரி, இவ்வளவு வேண்டிய பொருளைத் தாராளமாக உள்ளே விட்டால் என்ன? இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று, இரும்பும் செம்பும் எலக்ட்ரானைச் சுலபமாக வாங்கிச் சுலபமாகக் கொடுக்கும். அந்தக் குணத்துக்காகத்தான் செல் அவற்றை வேலைக்கு வைத்திருக்கிறது. ஒளிச்சேர்க்கையில் எப்போதும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். தனியாகத் திரியும் இரும்பு அதைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துணுக்கு பிறக்கும். அது கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று பார்க்காமல் எதிர்ப்பட்டதையெல்லாம் சிதைக்கும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் நுணுக்கமானது. 1953இல் இர்விங், வில்லியம்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு வரிசையை விளக்கினார்கள். மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு என்று போகப்போக, உலோகம் மற்ற மூலக்கூறுகளைப் பற்றும் பிடி இறுகிக்கொண்டே போகும். செம்புதான் உச்சம். துத்தநாகம் அதற்குக் கீழே இறங்கிவிடும். இதன் பொருள் என்னவென்றால், எந்தப் புரதத்தின் முன்னால் எல்லா உலோகங்களையும் சமமாக வைத்தாலும் அநேகமாகச் செம்புதான் போய் உட்காரும். மாங்கனீசுக்கு என்று செய்த நாற்காலியிலும் அதுவே உட்காரும். அப்படியானால் மாங்கனீசுப் புரதத்துக்கு மாங்கனீசு எப்படிக் கிடைக்கிறது?

நான் வகுப்பெடுத்த நாட்களில் இந்த இடத்துக்கு வந்தால் மணியடித்தாலும் நிறுத்த மனம் வராது. சினெக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசியில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2008இல் கண்டது இது. அந்தப் பாசியின் வெளிச்சுவருக்கும் உள்சவ்வுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ஒன்றில் மாங்கனீசு, இன்னொன்றில் செம்பு. இரண்டின் மடிப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உலோகத்தைப் பிடிக்கும் விரல்களும் ஒரே மாதிரி. சோதனைக்குழாயில் வைத்துப் பார்த்தால், மாங்கனீசுப் புரதம் செம்பையும் துத்தநாகத்தையும்தான் விரும்பி எடுக்கிறது. மாங்கனீசை மிக மிக அதிகமாகக் கொட்டினால்தான் அதைத் தொடுகிறது. ஆனால் உயிருள்ள செல்லில் தவறு நடப்பதே இல்லை. காரணம், மாங்கனீசுப் புரதம் செல்லின் உள்ளேயே, செம்பு திரியாத இடத்தில் மடிந்து, மாங்கனீசை வயிற்றில் வைத்து மூடிக்கொண்டு, அப்புறம்தான் வெளியே அனுப்பப்படுகிறது. செம்புப் புரதம் மடியாமல் நூலாக வெளியே போய், செம்பு இருக்கும் இடத்தில் மடிகிறது. சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காவிரி வண்டலால் கட்டிய கருவுக்குள் உலோகத்தை ஊற்றி இறுகிவிட்டால் பிறகு வேறு உலோகத்தை மாற்ற முடியாது. எந்தப் பட்டறையில் வார்த்தோம் என்பதுதான் கணக்கு. இந்தப் புரதங்களுக்கும் அதேதான். எந்த இடத்தில் மடிந்தது என்பதே எந்த உலோகம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

செல்லுக்குள் செம்பு எவ்வளவு கறாராகக் காவல் காக்கப்படுகிறது என்பதற்கு ஈஸ்ட் செல்லில் 1999இல் போட்ட ஒரு கணக்கு உண்டு. எந்தப் புரதத்திலும் ஒட்டாமல் தனியாக இருக்கும் செம்பு அயனி, ஒரு செல்லுக்கு ஒன்றுகூடத் தேறாது. பாசியில் இதே கணக்கை யாராவது போட்டாலும் விடை பெரிதாக மாறாது என்பது என் எண்ணம். ஏனென்றால் செம்பைக் கைமாற்றும் புரதங்கள் இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள்.

இனி வாசலுக்கு வருவோம். பச்சைப்பாசிகளில் அதிகம் ஆராயப்பட்டது கிளமைடோமோனாஸ். ஒற்றைச் செல், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு கசையிழை, ஒளிச்சேர்க்கை நடக்கும் அறையாக ஒரே ஒரு பெரிய கிண்ணம் போன்ற பசுங்கணிகம். இன்று ஆய்வுக்கூடங்களில் இருப்பதில் பெரும்பாலானது, 1945இல் அமெரிக்காவில் ஒரு உருளைக்கிழங்கு வயல் மண்ணிலிருந்து எடுத்த பாசியின் வம்சம். இதன் உறவுக்காரப் பாசிகளை நம் ஊர்க் குளம் குட்டைகளில் தேடித்தேடி விவரித்தவர் சென்னையில் இருந்த எம்.ஓ.பி. அய்யங்கார். கமலாலயத்திலோ மகாமகக் குளத்திலோ பச்சைத் தண்ணீரை ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இந்தச் சாதிசனம் யாராவது நீந்திக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் செல்லுக்கு இரும்பு வேண்டும். காவிரி வண்டலில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் இரும்பு துருவாகி அடியில் படிந்துவிடும். கரையாத துருவைச் செல் விழுங்க முடியாது. நீர் கட்டிய நெல்வயலில் கொஞ்சம் வேறு மாதிரி. சேற்றுக்கு அடியில் காற்று தீர்ந்துபோனதும் நுண்ணுயிர்கள் துருவின் மீது எலக்ட்ரானை ஏற்றிக் கரையும் இரும்பாக மாற்றுகின்றன. அது வரப்போரம் கசிந்து மேலே வரும்போது திரும்பவும் துருப்பிடித்து, எண்ணெய் சிந்தியது போல ஒரு படலம் மினுங்கும். டீசல் என்ஜினிலிருந்து ஒழுகியது என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் உடனே கூடிவிடும், இரும்புப் படலம் என்றால் தட்டுத்தட்டாக உடையும்.

கிளமைடோமோனாஸ் இரும்பை வாங்கும் முறை கொஞ்சம் விசித்திரமானது. சவ்வின் மேல் ஒரு நொதி மூவிணைய இரும்புக்கு (மூன்று எலக்ட்ரான் இழந்தது) ஒரு எலக்ட்ரான் கொடுத்து ஈரிணைய இரும்பாக (இரண்டு இழந்தது) ஆக்கும். அப்போதுதான் அது பிடி தளர்ந்து கரையும். உடனே பக்கத்தில் இருக்கும் இன்னொரு நொதி அந்த எலக்ட்ரானைத் திரும்பப் பறித்து மறுபடி மூவிணைய இரும்பாக்கி, கையோடு வாயிற்புரதத்திடம் கொடுக்கும். கொடுத்ததை ஏன் பறிக்க வேண்டும்? ஈரிணைய இரும்பு பார்வைக்கு மாங்கனீசு, துத்தநாகம், காட்மியம் போலவே இருக்கும். அதை அப்படியே உள்ளே விடும் கதவு வைத்தால் கண்டதும் நுழைந்துவிடும். எலக்ட்ரானைப் பறித்தால் மூவிணையத்துக்கு மாறும் குணம் இரும்புக்கு உண்டு, துத்தநாகத்துக்கோ காட்மியத்துக்கோ கிடையாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்த பிறகு மூட்டையைத் தராசில் ஏற்றுகிறார்களே, அந்த மாதிரி ஒரு சோதனை. இரும்பு குறையும்போது செல் கூடுதலாக ஒரு வேலை செய்யும். இரும்பைத் திரட்டித் தரும் புரதத்தைத் தன் சவ்வுக்கு வெளியே ஏராளமாகச் சுரந்து நிறுத்தும். கொஞ்சம் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று.

அந்த எலக்ட்ரானைப் பறிக்கும் நொதி இருக்கிறதே, அதற்குள் பல செம்பு அணுக்கள் இருக்கின்றன. அதாவது இரும்பு வாங்குவதற்குச் செம்பு வேண்டும். தாராளமாக இரும்பு இருந்தால் செம்பில்லாமலும் செல் எப்படியோ சமாளித்துவிடும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் செல்லின் முகம் வெளுப்பது இரும்புப் பஞ்சத்தால்தான்.

நீலப்பச்சைப்பாசி வேறு குடும்பம். உண்மையில் அது பாக்டீரியா, தமிழில்தான் இரண்டையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். நம் வயல்களில் உள்ள அனபீனா வகையில் சில, இரும்பு குறைந்தால் சிடரோஃபோர் என்ற மூலக்கூறைத் தண்ணீரில் விடும். அது துருவிலிருந்து இரும்பைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு வரும். பாசி அந்த மூட்டையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். தூண்டில் போடுவது மாதிரி. பக்கத்தில் இருப்பவன் அந்த மீனைத் திருடுவதும் நடக்கும்.

செம்பு நுழைவது இவ்வளவு சிக்கலில்லை. ஒரு எலக்ட்ரான் ஏற்றி ஓரிணையமாக்கியதும், மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலம் வரிசையாக நிற்கும் குழல் வழியாக நுழைகிறது. உள்ளே ஒரு சிறு புரதம் வாங்கிக்கொள்கிறது. கூடவே போய் ஒப்படைப்பதுதான் அதன் மொத்த வேலை. கிளமைடோமோனாஸில் பசுங்கணிகத்தின் இரண்டு உறைகளையும் தாண்டி, உள்ளே உள்ள தைலக்காய்டு சவ்வையும் தாண்டினால்தான் பிளாஸ்டோசயனின் இருக்கும் அறை வரும். உள்ளுறையிலும் தைலக்காய்டு சவ்விலும் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துச் செம்பைத் தள்ளும் பம்பு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை, வெண்ணாறு, வாய்க்கால், கண்ணி என்று இறங்கி வயலுக்கு வருகிறது, ஆனால் அது பள்ளத்துக்குத் தானாக ஓடும். செம்புக்கு இந்த மதகுகளில் கூலி கொடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி, எவ்வளவு போதும் என்று எப்படித் தெரிகிறது? இதற்கு விடை தேட, செல்லைப் பட்டினி போட்டுத்தான் பார்த்தார்கள். 1980களில் சபீஹா மெர்ச்சண்ட்டும் லாரன்ஸ் போகோராடும் கிளமைடோமோனாஸைச் செம்பில்லாமல் வளர்த்தார்கள். பிளாஸ்டோசயனின் மறைந்துவிட்டது. ஒளிச்சேர்க்கை நிற்கவில்லை. அந்த இடத்தில் சைட்டோகுரோம் சி6 என்ற இரும்புப் புரதம் வந்து அதே எலக்ட்ரானைச் சுமந்தது. மாடு இல்லையென்றால் டிராக்டர், உழவு நின்றுவிடக் கூடாது. பின்னால் தெரிந்தது இன்னும் அழகு. பிளாஸ்டோசயனின் தானாகத் தேய்ந்து மறையவில்லை, செல்லே அதைச் சிதைத்து, கிடைத்த செம்பைச் சுவாசத்துக்கு வேண்டிய சைட்டோகுரோம் ஆக்சிடேஸுக்குக் கொடுக்கிறது. சுவாச நொதிக்குச் செம்பில்லாத மாற்று அவ்வளவு சுலபமில்லை. மாற்று உள்ள இடத்தில் பிடுங்கி, மாற்று இல்லாத இடத்துக்குக் கொடுக்கிறது.

இதை முடுக்குவது சிஆர்ஆர்1 என்ற ஒரு புரதம். செம்பு குறைந்ததும் அது டிஎன்ஏவில் ஜி, டி, ஏ, சி என்ற நான்கெழுத்து இருக்கும் இடங்களில் போய்ப் பற்றி, சைட்டோகுரோம் சி6, செம்பு வாசல் என்று ஒரு பெரிய பட்டியலையே இயக்கிவிடும். செம்பு வந்ததும் ஓய்ந்துவிடும். நாலைந்து மதகின் சாவியையும் இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டு, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் ஊர் நீர்க்கட்டியைப் போல.

இரும்புப் பட்டினியில் நடப்பது கடைமடைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஆய்வுக்கூடத்தில் 20 மைக்ரோமோலார் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) இரும்பு கொடுத்தால் நிறைவு. ஒன்றாகக் குறைத்தால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது, செல் உள்ளுக்குள் வாசல்களைக் கூட்டிச் சமாளிக்கும். கால் மைக்ரோமோலாருக்கு வந்தால் மஞ்சள் தட்டும். அப்போது அந்தப் பாசிக்கு அசிடேட் என்ற உணவும் தண்ணீரில் கிடைக்கிறது என்றால், அது ஒளித்தொகுதி-1ஐக் கழற்றும். 12 இரும்பு அணு அங்கேதானே முடங்கிக் கிடக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை விட்டுக்கொடுக்காது. அசிடேட் இல்லாமல் வெயிலை மட்டும் நம்பிப் பிழைக்கும் நிலை என்றால் முடிவு வேறு. அப்போது ஒளிச்சேர்க்கையைக் கையில் பிடித்துக்கொள்கிறது. கழற்றிய இரும்பு வழியில் நின்று நாசம் செய்யாமல் பசுங்கணிகத்தில் உள்ள ஃபெரிட்டின் என்ற கூடு வாங்கி வைத்துக்கொள்கிறது. காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடும் வருடங்களில் எந்தப் பயிரைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று வீட்டில் நடக்கும் பேச்சு நினைவுக்கு வரும்.

உபரியை எங்கே வைப்பது? கிளமைடோமோனாஸில் அமிலக்கால்சியப் பைகள் என்று சொல்லத்தக்க சிறு பைகள் உண்டு. உள்ளே புளித்த அமிலச் சூழல், பாலிபாஸ்பேட் சங்கிலி, கால்சியம், கூடவே பல உலோகங்கள். செல்லின் பத்தாயம் என்று சொல்லலாம். இந்தப் பத்தாயத்தைப் பற்றி 2014இல் வந்த ஒரு கண்டுபிடிப்பு நெல்வயல்காரர்கள் யோசிக்க வேண்டியது. பாசிக்குத் துத்தநாகத்தை நிறுத்தினால், அது செம்பைப் பல மடங்கு வாரி உள்ளே போட்டுக்கொள்கிறது. ஆனால் அத்தனை செம்பு இருந்தும் செல் செம்புப் பட்டினியில் கிடப்பது போலவே நடந்துகொள்கிறது. செம்பு முழுதும் பத்தாயத்தில் பூட்டிக் கிடக்கிறது. துத்தநாகத்தைத் திரும்பக் கொடுத்ததும் பூட்டு திறந்து, அந்தச் செம்பு பிளாஸ்டோசயனினுக்குப் போய்ச் சேர்கிறது. நாம் நடவுக்கு முன் ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் போடுகிறோம், அது நெல்லுக்கு. நீர் கட்டியதும் மண்ணில் துத்தநாகம் சிக்கிக்கொள்ளும் என்பதால் போடுவது. அதே தண்ணீரில் மிதக்கும் பாசியின் செம்புக் கணக்கையும் அது மாற்றக்கூடும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

உள்ளே வரக் கூடாதது வந்துவிட்டால் என்ன செய்யும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்மியம் துத்தநாகத்தின் வேடத்தில் நுழைந்துவிடும். பச்சைப்பாசி உடனே குளுட்டத்தயோன் என்ற சிறு மூலக்கூறைக் கோத்து ஃபைட்டோகெலேட்டின் என்ற கந்தகம் நிறைந்த சங்கிலி செய்து, காட்மியத்தைச் சுற்றிக் கட்டி ஒதுக்கும். சில நீலப்பச்சைப்பாசிகள் இதே வேலைக்கு மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம் வைத்திருக்கின்றன. அதற்குரிய மரபணுவின் மேல் ஒரு புரதம் பூட்டாக உட்கார்ந்திருக்கும். துத்தநாகம் மிஞ்சி அந்தப் பூட்டில் ஒட்டினால் பூட்டு கழன்று விழும், மெட்டலோதயோனின் உற்பத்தி தொடங்கிவிடும். மிஞ்சிய உலோகமே சாவி. ஆனால் நஞ்சு என்று எதையும் முத்திரை குத்திவிடவும் முடியாது. கடலில் வாழும் ஒரு டையாட்டம் (இதுவும் ஒரு நுண்பாசிதான்), துத்தநாகம் கிடைக்காத இடத்தில் காட்மியத்தையே வைத்து ஒரு கார்பானிக் அன்ஹைட்ரேஸ் செய்துகொள்கிறது. 2005இல் இதைப் படித்தபோது நானும் நண்பர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காட்மியத்துக்கு உயிரில் ஒரு வேலையும் கிடையாது என்று அதுவரை மாணவர்களுக்குச் சொல்லி வந்திருந்தோம்.

இப்போது வாய்மடைக்கு வரலாம். மயில்துத்தத்தின் எடையில் கால் பங்கு செம்பு. ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர். அதில் ஒரு கிலோ கரைந்தால் லிட்டருக்கு ஒன்றேகால் மில்லிகிராம் செம்பு வரும். (கணக்குக்காகச் சொல்கிறேன், சிபாரிசு இல்லை.) ஆய்வுக்கூடக் கரைசலைவிட மூன்று மடங்குதான், ஆனால் பிடித்து வைக்க ஈடிடிஏ இல்லை. பை கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இதைவிட எத்தனையோ மடங்கு அடர்த்தி. கைமாற்றும் புரதங்கள் எல்லாம் நிறைந்துவிடும், பத்தாயம் நிறைந்துவிடும், குளுட்டத்தயோன் தீர்ந்துவிடும். அப்புறம் செம்பு தனியாகத் திரியத் தொடங்கும். இரும்பின் இடத்திலும் துத்தநாகத்தின் இடத்திலும் போய் உட்காரும். செனடெஸ்மஸ் என்ற பச்சைப்பாசியில் பச்சையத்தின் மக்னீசியத்தைக்கூடத் தள்ளிவிட்டுச் செம்பு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செம்புப் பச்சையம் கண்ணுக்குப் பச்சையாகவே இருக்கும், உணவுக்கு நிறமூட்டவும் அதை விற்கிறார்கள். ஒளியை வாங்கி வேலை செய்ய மட்டும் அதற்குத் தெரியாது.

சின்ன வயதில் அந்தப் பையை வாய்மடையில் கட்டும் வேலை என்னுடையது. சில நாள் பாசி சாகும், சில நாள் ஒன்றும் ஆகாது. தாத்தா கடைக்காரரைத் திட்டுவார். அன்று தெரியாத காரணம் இன்று தெரிகிறது. பாசி மண்டிய வயலில் நடுப்பகலில் கரியமில வாயுவை அது உறிஞ்சித் தீர்ப்பதால் தண்ணீரின் பிஎச் ஒன்பதுக்கு மேலேகூட ஏறிவிடும். போர்வெல் தண்ணீர் என்றால் பைகார்பனேட்டும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் செம்பு கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் படிந்து மண்ணுக்குப் போய்விடும். தொழுஉரம், மட்கு கரைந்த பழுப்புத் தண்ணீரிலும் அப்படியே, மட்கே ஈடிடிஏ வேலையைச் செய்துவிடும். அப்போது சரக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் அப்பாவிடம் நான் சொல்லக்கூடியது இதுதான். நீலப்பச்சைப்பாசி போடுகிற வயலில் மயில்துத்தம் வேண்டாம், ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். நீலப்பச்சை இனங்கள் செம்புக்கு மிகவும் பலவீனமானவை. வாய்க்காலில் உள்ள மீனும் அப்படித்தான். டிஏபியை மேலாகத் தூவாமல் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட்டால், மணிச்சத்து தண்ணீரில் மிதந்து பாசிக்கு விருந்தாவது குறையும். வந்துவிட்ட பாசிக்கு, தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் வயலைக் காயப்போடுவதே எனக்குப் பிடித்த வைத்தியம். காய்ச்சலும் பாய்ச்சலும் பழகிய வயலில் பாசி அதிகம் தலையெடுப்பதில்லை. வருடா வருடம் போடும் செம்பு எங்கும் போவதில்லை, மேல்மண்ணிலேயே தங்கும். அதில் பிழைத்து வரும் பாசிகள், செம்பை வெளியே தள்ளவும் கட்டி வைக்கவும் தெரிந்த இனங்களாகவே மிஞ்சும். அப்போது பையைப் பெரிதாக்க வேண்டிவரும்.

தங்கை இந்தப் பக்கத்தைப் படிப்பாள் என்றால் அவளுக்கு ஒரு வேலை. வீட்டில் செப்புக்குடமும் சிமெண்ட் தொட்டியும் இருக்கும். இரண்டிலும் ஒரே குளத்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றி, வெளிச்சம் சமமாகப் படும்படி மூடாமல் வைக்கட்டும். மூன்றாவதாக ஒரு கண்ணாடி ஜாடியில் அதே தண்ணீரோடு ஒரு கைப்பிடி மட்கும் ஒரு செப்புத் துண்டும் போட்டு வைக்கட்டும். குடத்தில் பச்சை மங்கிவிடும், தொட்டியில் நிற்கும், அதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது ஜாடி எத்தனை நாள் பச்சையாக நிற்கிறது என்பதைத்தான் அவள் எழுதி வைக்க வேண்டும்.